லேசர் ஒளியால் காயம் பொருத்துதல்: யாழ்ப்பாணத் தோலை முன்வைத்து

சத்திரசிகிச்சை வெட்டை நூலின்றி லேசர் ஒளியால் பொருத்தும் முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் தழும்பின் அழகையுமே பேசுகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதலில் கேட்க வேண்டியது எந்த அலைநீளம் என்பதே. எமது தோலின் நிறம் ஒளியின் வழியிலேயே நிற்கிறது.

1979இல் ஜெயின், கோரிஷ் இருவரும் சிறு இரத்தக் குழாய்களை நியோடிமியம்-யாக் லேசரால் ஒட்டவைத்துக் காட்டினர். வெட்டின் விளிம்புகளை நெருக்கிப் பிடித்து ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் கொலாஜன் இழைகள் முறுக்கவிழ்ந்து, ஆறும்போது ஒன்றோடொன்று பிணைகின்றன. இடையில் பூசும் அல்புமின் முட்டை வெண்கருபோல் இறுகிப் பிடிப்பைக் கூட்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. மிஞ்சினால் விளிம்பு வெந்து, தையலைவிட மோசமான தழும்பு விழும்.

சூடில்லாத வழியும் உண்டு. வெட்டு முகங்களில் ரோஸ் பெங்கால் சாயத்தைத் தடவி 532 நானோமீற்றர் பச்சை ஒளியைப் பாய்ச்சினால் கொலாஜன் வேதிமுறையில் பிணையும். பாஸ்டனில் 31 நோயாளரிடம் இதைச் சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டனர். ஒரே காயத்தின் ஒரு பாதிக்கு மேல்தையல், மறு பாதிக்கு ஒளி. ஆறு மாதத்தில் ஒளி பட்ட பாதியின் தழும்பே மேலாக இருந்தது. ஆனால் தோலுக்கு நிறம் தரும் மெலனின் பச்சை ஒளியை வலுவாக உறிஞ்சும். ஒளி மேற்றோலைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். மாநிறத் தோலில் வெட்டு முகத்தை எட்டுவது குறையும். மேற்றோல் சூடாகிக் கருமை படியவும் கூடும். அந்த முடிவை அப்படியே இங்கு கொண்டுவர இயலாது.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் கட்சிர் குழுவினர் கையாண்ட காபனீரொட்சைட்டு லேசரே எமக்குப் பொருத்தமானது என்பது என் கணிப்பு. அதன் 10.6 மைக்ரோமீற்றர் ஒளியை உறிஞ்சுவது திசுவிலுள்ள நீர். தோலின் நிறத்துக்கு அதில் பங்கில்லை. சாதாரணக் கண்ணாடி இழையில் அது செல்லாததால் வெள்ளி ஏலைட்டு இழை தேவைப்படுகிறது. காயத்திலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு வெப்பநிலையை அளந்து, லேசரின் வலுவைக் கருவியே கூட்டிக் குறைக்கும். குறையும் உண்டு: ஒளி சில பத்து மைக்ரோமீற்றருக்குள் அடங்கிவிடும். ஆகவே உள்தையல் தவிர்க்க முடியாதது.

லேசரால் பொருத்தினால் நெடுந்தீவு நோயாளி தையல் பிரிக்கப் படகேறி வரத் தேவையில்லை என்ற வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. கரையும் நூலும் தோல் பசையும் அந்த வேலையை மலிவாகவே செய்கின்றன, மின்சாரமும் கேட்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரத்தை எட்டியதை மறக்கலாகாது. மார்பிலும் தோளிலும் தடித்தெழும் கெலோயிட் தழும்புக்கும் லேசரை மருந்தென்று சொல்வதற்கில்லை. அங்கு தோலை இழுக்கும் விசையை ஒளி குறைப்பதில்லை.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் 'இரண வைத்தியம்' நூலை வெளியிட்டு, சத்திரசிகிச்சையைத் தமிழில் கற்க வழி செய்தார். அதே யாழ்ப்பாண மண்ணில் 1978இல் எழுந்த மருத்துவ பீடம், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு லேசரை எமது தோலில் சோதிக்க வேண்டும். பாஸ்டனின் பாதிக்குப் பாதி ஒப்பீடு இங்கும் போதும். ஆனால் ஆறு மாதத்தோடு நிறுத்தலாகாது. கெலோயிட் பிந்தியும் எழும். ஓராண்டு முடியும்வரை தழும்பின் தடிப்பையும் கருமையையும் அளக்க வேண்டும். நீரிழிவு நோயாளரைத் தனிப் பிரிவாக வைக்க வேண்டும்.