வலியும் நெல்லும்: திருமுக்கூடல் கல்வெட்டை முன்வைத்து

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலையில் போய் நிற்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி, பாலாற்றங்கரைத் திருமுக்கூடலுக்குப் போகிறேன். அங்கே பெருமாள் கோயிலிலுள்ள வீரராஜேந்திரனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய தைலங்கள், கிருதங்கள். சரி, படுக்கை யாருக்கு? வேதம் படிக்கும் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். அந்த 90 கலத்தை நட்டு அறுத்த முதுகுகளுக்கு அங்கே இடமில்லை. உத்திரமேரூரின் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர் பெயரைத்தான் ஓலையில் எழுதச் சொல்கிறது.

இன்னொன்று, கல்வெட்டில் மருந்துகளுக்குப் பெயர் இருக்கிறது. வலிக்கிறவருக்குப் பேச்சு இல்லை. வலிக்கிறவர்கள் கூடி உட்கார்ந்து பேசுவதையே சிகிச்சையாக்கியது அண்மைக் காலம்தான். அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டில், 1970களின் இறுதியில் கேட் லோரிக் மூட்டுவாதக்காரர்களை ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மணிநேரம் கூட்டினார். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்ல. பலர் அதே நோயுள்ளவர்கள். 1993-இல் வெளியான நான்காண்டுக் கணக்கில் வலி சராசரி 20 விழுக்காடும் மருத்துவரிடம் போவது 40 விழுக்காடும் குறைந்திருந்தன. உடல் இயலாமையோ 9 விழுக்காடு கூடியிருந்தது. உடம்பு மோசமாகியும் வலி குறைகிறது! 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற நம்பிக்கையே காரணம் என்றார் லோரிக்.

இதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2001-இல் பிரிட்டன் அரசு 'தேர்ந்த நோயாளி' என்று இதைத் தன் திட்டமாக்கியபோது, சமாளிப்பது நோயாளியின் கடமையாகிவிடும் ஆபத்தும் கூடவே வந்தது. வலியை எப்படித் தாங்குவது என்று குழு கேட்கிறது. எந்த வேலை அதைத் தந்தது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

நடவுப் பாட்டே நம்மூர்க் குழு வைத்தியம்தான் என்றார் நண்பர் ஒருவர். எனக்கு உடன்பாடில்லை. பாட்டு வேலையை ஓட்டியது. கூலியையோ குனிகிற நேரத்தையோ அது மாற்றியதா?

போன நடவில் உத்திரமேரூர்ப் பக்கம் வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் இடுப்புவலி, முட்டிவலி. "டாக்டரு குனியாதன்றாரு தம்பி. குனியாம எப்டி நட்றது?" என்றார் ஒரு அம்மா. பக்கத்திலிருந்தவர், "அவர வந்து நட்டுக் காட்டச் சொல்லு" என்றார். அப்புறம் பேச்சு, அரைநாள் நட்டால் முழுக் கூலி கேட்கலாமா என்று போனது. வெயில் சாய்வதற்குள் முடிக்கணும் என்று எழுந்துபோய்விட்டார்கள்.