கடைசியா வர்றவருக்கு யார் காத்திருப்பது?

ஒரு காலத்தில் புனேவுக்கு 'சைக்கிள் நகரம்'னு பேர். நம்ம போபோடிக்குப் பக்கத்தில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-லேயே வந்துவிட்டது. அப்போ சைக்கிள் வேலைக்குப் போக; இப்போ ஞாயித்துக்கிழமை கிளப்போட சுத்த.

இந்தக் கூட்டுச் சவாரிக்கான மரியாதைகள் ரொம்பப் பழசுங்க. 1880-களில் இங்கிலாந்து கிளப்களில் ஒரு கேப்டன், பியூகிள் ஊத ஒருத்தர் இருப்பாங்க. கேப்டனை முந்தக்கூடாது. பிரான்சில் ஆன்றி தெக்ராஞ்ச் 1904-ல் தொடங்கிவைத்த ஆடாக்ஸ் சவாரியிலும் கேப்டனோட வேகம்தான் எல்லாருக்கும். 1921-ல் பிரிவினை! அவரவர் வேகத்தில் போகலாம் என்று இன்னொரு முறை பிறந்தது. இன்னைக்கு இந்தியாவில் நடக்கும் பிஆர்எம் நெடுந்தூரச் சவாரிகள் அந்த வழிதான். அங்கே யாரும் யாருக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனா கிளப் சவாரி பிஆர்எம் இல்லையே. பள்ளம் வந்தா முன்னால போறவர் 'கட்டா'னு மராத்தியில் குரல் கொடுக்கணும். திடீர்னு பிரேக் போடக்கூடாது. பஞ்சர் ஆனா எல்லாரும் நிக்கணும். மேட்டில் திணறுறவங்களுக்கு உச்சியில் காத்திருக்கணும். அவங்க வந்ததும் உடனே கிளம்பாம, மூச்சு வாங்க விடணும்.

நம்ம ஊர் உதாரணம் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கம் மூலம் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. வேகமா பெடல் போட்டவங்க மட்டும் போயிருந்தா அது இயக்கமாகியிருக்காது.

வீட்டம்மாவையோ பிள்ளைகளையோ முதல் தடவை கூட்டிட்டுப் போறீங்களா? நடுரோட்டில் தனியா விடப்பட்டவங்க அடுத்த வாரம் வரமாட்டாங்க :-)