உத்தமதானபுரத்து வாத்தியார்

எண்பத்தைந்தாவது வயதில் ஒரு வாத்தியார் தம் கதையைச் சொல்ல உட்காருகிறார். முதலில் தம்மைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்கிறார். 1940-இல் ஆனந்த விகடனில் உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தை அப்படித்தான் ஆரம்பித்தார்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம் அவருடைய ஊர். ஏகாதசியன்று மறதியாகத் தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், பிராயச்சித்தமாக 48 வீடுகள் கட்டி 48 அந்தணருக்குத் தானம் செய்தாராம். ஒரு மறதிக்கு ஓர் ஊர்! நாம் எதையாவது மறந்தால் வீட்டில் சண்டைதான் கிடைக்கிறது.

ரெயில் வருவதற்கு முந்திய ஊர் அது. ஓலையும் எழுத்தாணியுமாகப் பிள்ளைகள் படித்த காலம். அந்த ஊர் மாறிப்போனதைக் கிழவர் நினைத்துப் பார்க்கிறார். உத்தியோகம் தேடிப் பிள்ளைகள் வெளியேறியதால் கிராமங்கள் மாறின என்கிறோம். வெளியேறியவர்களில் அவரும் ஒருவர்தாமே! 1880-இல் கும்பகோணம் காலேஜ், 1903-இல் சென்னை. போகாமல் இருந்திருந்தால் சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் நமக்கு எப்போது அச்சில் கிடைத்திருக்குமோ!

1942-இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து சென்னை காலியாயிற்று. அவரும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டு, செங்கற்பட்டு ஜில்லாவில் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 28-இல் அங்கேயே காலமானார். 'என் சரித்திரம்' சென்னைக்கு வந்து சேரவே இல்லை, கும்பகோணத்திலேயே நின்றுவிட்டது.