எடைக்காகப் பிறக்காத ஓட்டம்

உடம்பு பெருத்துவிட்டது, நாளை முதல் ஓட வேண்டும் என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் முதலில் எடை மெஷினில்தான் ஏறுகிறார். மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஏறிப் பார்க்கிறார். முள் நகர்ந்திருக்காது. ஓட்டம் அன்றோடு நின்றுவிடுகிறது. சோம்பல், மன உறுதி இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். அவரும் அதையே நம்புகிறார். இந்தத் தீர்ப்பு நியாயமற்றது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று ஓட்டப் பயிற்சி எப்படி உருவானது என்று பார்த்தால், அது எடையைக் குறைக்க வந்ததே அல்ல, இதயத்தைக் காக்க வந்தது என்பது தெளிவாகும். தவறு ஓடியவரிடம் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட அளவுகோலில் இருக்கிறது.

உடற்பயிற்சியால் மட்டும் எடை இறங்குவது கடினம் என்பது பழைய செய்தி. லண்டனில் அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்துவந்த வில்லியம் பான்டிங் 1863இல் தன் பருமனைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மருத்துவ நண்பர் ஒருவரின் யோசனைப்படி தினமும் விடியற்காலையில் ஆற்றில் படகு வலித்ததாக அதில் எழுதியிருக்கிறார். தசைக்கு வலு வந்தது. கூடவே பெரும்பசியும் வந்தது. பசிக்குச் சாப்பிட்டார், எடை கூடியது. கடைசியில் யோசனை சொன்ன நண்பரே படகை விட்டுவிடச் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரின் சொல் கேட்டு ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைத்த பிறகுதான் சுமார் 92 கிலோவாக இருந்தவர் ஏறத்தாழ 71 கிலோவுக்கு வந்தார். உடம்பை இளைக்க வைத்தது தட்டில் செய்த மாற்றம்.

அப்படியானால் உழைப்பால் உடம்புக்கு என்னதான் கிடைக்கிறது? இதற்கு எண்ணிக்கையோடு விடை தந்தவர் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ். லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரத்தில் இருந்தவர்கள். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது என்று மாரிஸும் அவருடைய சகாக்களும் 1953இல் ‘லான்செட்’ இதழில் காட்டினார்கள். உடனே எழும் சந்தேகம், கண்டக்டர்கள் ஒல்லியாக இருந்ததால்தான் தப்பித்தார்களோ என்பது. மாரிஸ் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஊழியர்களுக்கு நிறுவனம் தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு இளவயதிலேயே பெருத்திருந்தது உண்மைதான். ஆனால் ஒல்லியானவர், நடுத்தரமானவர், தடித்தவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் ஒவ்வொரு பிரிவிலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தொப்பையுள்ள கண்டக்டரையும் அந்தப் படிகள் காப்பாற்றின. இந்த வரலாற்றில் இதைவிட முக்கியமான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

இருந்தும், நாற்பது வயதைத் தாண்டிய சாதாரண மனிதர் ஓடலாம் என்ற எண்ணம் அப்போது எங்கும் வேரூன்றவில்லை. ஓட்டம் விளையாட்டு வீரர்களுக்கு உரியதாகக் கருதப்பட்டது. மாரடைப்பு வந்து பிழைத்தவரை மருத்துவர்கள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் இதை மாற்றத் துணிந்தார். அவர் பயிற்றுவித்த பீட்டர் ஸ்னெல், மரே ஹால்பெர்க் இருவரும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதால் அவர் சொல்லுக்கு மதிப்பு கூடியிருந்தது. மூச்சு முட்டாமல், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடினால் இதயம் வலுப்பெறும் என்றார் அவர். 1962இல் ஆக்லாந்து ஜாகிங் சங்கம் தொடங்கியது. நடுவயதுத் தொழிலதிபர்களும் இதய நோயாளிகளும் அதில் கூட்டமாக ஓடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே வந்தார். வயது 51. உலகத் தரமான ஓட்டக்காரர்களை உருவாக்கிய அந்த மனிதரால் அந்தக் கூட்டத்தோடு கொஞ்ச தூரம்கூட ஓட முடியவில்லை. மாரடைப்பிலிருந்து மீண்ட, எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக வந்தார். வெட்கப்பட்ட பவர்மன் அங்கிருந்த நாட்களெல்லாம் ஓடினார். 1963இன் தொடக்கத்தில் ஊர் திரும்பியதும், யூஜீன் நகர மக்களைப் பல்கலைக்கழகத் திடலுக்கு அழைத்தார்.

சில வாரங்களிலேயே கூட்டம் பெருகியது. யாராவது சுருண்டு விழுந்து இறந்துவிடுவார்களோ என்று பவர்மனுக்கே பயம் வந்துவிட்டது. தொடக்கநிலைப் பயிற்சிக்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது அந்தப் பயத்தால்தான். வால்டோ ஹாரிஸ் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து, கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, வாரத்தில் இடைவிட்டு மூன்று நாள், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் குறைப்பது என்று ஒரு 12 வாரத் திட்டத்தை அவர் வகுத்தார். அத்திட்டத்தை விளக்கி 1967இல் ‘ஜாகிங்’ என்ற தலைப்பில் இருவரும் வெளியிட்ட நூல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இன்றைய தொடக்கநிலைத் திட்டங்கள் பலவற்றில் அதன் சாயல் இருக்கிறது.

நியூசிலாந்தில் பவர்மனின் இடுப்பும்தானே சுருங்கியது என்று ஒருவர் கேட்கலாம். சுருங்கியது. பல வாரங்கள் விடாமல் ஓடியதன் பலன் அது. யாருக்கும் அப்படி நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவரின் கணக்கே வேறு. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 350 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும், அதாவது அப்படிப்பட்ட ஓட்டங்கள் 22. முதல் வாரத்தில் நிமிடக்கணக்கில் மட்டுமே ஓடுகிறவருக்கு முள் எப்படி நகரும்? ஓடி வந்த பசியில் கூடுதலாக ஒரு மசாலா தோசை சாப்பிட்டால் அன்றைய கணக்கு நேராகிவிடும், பான்டிங்குக்கு நேர்ந்ததைப் போலவே. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜிம் ஃபிக்ஸ் முப்பதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி, சிகரெட்டையும் விட்டு, 25 கிலோவுக்கு மேல் இளைத்து, 1977இல் ஓட்டத்தைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை எழுதியவர். 1984இல் ஓடும்போதே 52 வயதில் இறந்தார். ஓட்டமே அவரைக் கொன்றது என்றார்கள் எதிர்ப்பாளர்கள். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்கள் முன்பே கடுமையாக அடைபட்டிருந்தது தெரிந்தது. அவருடைய தந்தையும் 43 வயதிலேயே இதய நோய்க்குப் பலியானவர். இளைத்த உடம்பு உள்ளே ஆரோக்கியமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. குடும்பத்தில் இதய நோய் உள்ளவர் ஓடத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம்.

கண்ணாடியில் தெரியும் தொப்பைதான் ஒருவரைக் காலையில் எழுப்புகிறது, இதயம் யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பது பவர்மனின் இடுப்பைக் காட்டிக் கேட்பதைவிட வலுவான மறுப்பு. எழுப்புவது தொப்பையாகவே இருக்கட்டும். ஆனால் ஆறாவது வாரத்திலும் அவரை ஓட வைக்க வேறு ஏதாவது வேண்டும். ஆக்லாந்தில் அது கூட்டாளிகளின் பேச்சு. யூஜீனில் போன வாரத்தைவிடச் சற்று நீண்ட தூரம். மூச்சு சீக்கிரம் சீராகும், மாடிப்படி எளிதாகும், உறக்கம் ஆழமாகும். இவையெல்லாம் எடைக்கு முன்னால் வருபவை. எடை இறங்க உணவைத்தான் திருத்த வேண்டும். இறங்கிய எடை திரும்ப ஏறாமலிருக்கப் பயிற்சி பெரிதும் உதவுகிறது. எடை குறைத்து அதைக் காப்பாற்றியவர்களை அமெரிக்காவில் 1994 முதல் பதிவு செய்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தினமும் ஒரு மணி நேர அளவுக்கு நடப்பவர்கள் அல்லது வேறு வகையில் உடம்பை வருத்துபவர்கள்.

ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இன்று உலகெங்கும் பலரை ஓட வைத்துக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என மாறி மாறி 20 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். கடைசி வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓட்டம். ஒவ்வொரு வாரத்துக்கும் இலக்காக இருப்பது நேரமோ தூரமோதான், கிலோ அல்ல.