விருதுநகரை ஒட்டி ஓடும் கோடு

கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை, விருதுநகருக்குச் சற்றுக் கிழக்கே செல்கிறது. 1802-இல் லாம்ப்டன் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவையின் பெருவில், குமரியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறக்குறைய இக்கோட்டைப் பற்றியே வளர்ந்தது. அந்த அளவுகளைக் கொண்டு எவரெஸ்ட் 1830-இல் புவியின் வடிவத்தைக் கணித்தார். நம் நிலப்படங்கள் அதன்மேல் எழுந்தன.

மற்ற நாடுகள் வேறு வடிவங்களைக் கையாண்டன. அளவும் குறியீடும்கூட வேறு. உலகம் முழுவதற்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில், ஒரே முறையில் படம் வரையலாம் என்று ஜெர்மானியப் புவியியலார் பெங்க் 1891-இல் பெர்ன் நகர மாநாட்டில் கூறினார். தாள் ஒவ்வொன்றும் 4 பாகை உயரம், 6 பாகை அகலம். 1909-இல் இலண்டனில் விதிகள் வகுத்தனர். படம் முற்றுப்பெறவே இல்லை. தாள் எண்முறை மட்டும் பிழைத்துக்கொண்டது.

2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பொதுமக்களுக்கான படங்களுக்கு அந்த எண்முறையையும், செயற்கைக்கோள் கருவிகள் பின்பற்றும் உலகப் பொது அடிப்படையையும் கொண்டுவந்தது. எவரெஸ்ட் அடிப்படைக்கும் இதற்கும் இங்கே நூறு மீட்டருக்கு மேல் வேறுபாடு. சிவகாசியில் இது சிறிதன்று. பட்டாசு ஆலையைப் பழைய படத்திலும் குடியிருப்பைப் புதிய படத்திலும் குறித்து, திருத்தாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், வெடிபொருள் விதிகள் மீட்டர் கணக்கில் கேட்கும் இடைவெளி பொய்யாகிவிடும்.

புதிய எண்முறையில் ஒரு தொல்லையும் உண்டு. முன்பு மாவட்டம் முழுவதும் 58-ஆம் தாளில் அடங்கியது. இப்போது 78-ஆம் பாகையே தாளின் ஓரம்: சிவகாசியும் சாத்தூரும் 43-ஆம் மண்டலத்தில், அருப்புக்கோட்டை 44-இல். ஆனால் அருப்புக்கோட்டை இருக்கும் அதே பெருந்தாளில், கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணமும் இருக்கிறது.