இர்குன் நஸா: நாளமா, நரம்பா?

சென்னிமலையில் குழித்தறியில் அமர்ந்து போர்வை நெய்வோர், நாள் முழுதும் முதுகை வளைத்துக் கால்களால் மிதிகட்டையை இயக்குவர். இத்தகைய உழைப்பில் முதிர்ந்த ஒருவர், இடுப்பிலிருந்து பாதம்வரை இறங்கும் வலியோடு, "அந்தக் கால் மட்டும் சில்லென்றிருக்கிறது" என்று முறையிட்டால், தொட்டுப் பார்க்கும் வீட்டாருக்கு வேறுபாடு தெரியாது. அது பிரமை என்று ஒதுக்கப்படும். அவ்வாறு ஒதுக்குவது சரிதானா?

இவ்வலிக்கு அரபியர் இட்ட பெயர் 'இர்குன் நஸா'. இஸ்ராயீல் எனப்படும் நபி யஃகூப் (அலை) அவர்கள் தமக்குத் தாமே ஓர் உணவை விலக்கிக்கொண்டதைத் திருக்குர்ஆன் (3:93) குறிப்பிடுகின்றது. இந்நோயே அதற்குக் காரணம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக விரிவுரையாளர்கள் அறிவிக்கின்றனர். 'இர்க்' என்றால் இரத்த நாளம்; முன்னோர் இதனை நாளத்தின் பெயராலேயே அழைத்தனர்.

இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில், உடலின் மிஜாஜை அறியும் பத்து அடையாளங்களுள் தொட்டறிதலை முதலாவதாக வைத்தார். மருத்துவரின் கையே அன்றைய வெப்பமானி.

1764இல் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ, இவ்வலியில் ஒருவகை நரம்பில் எழுவது என்று தனி நூல் எழுதினார். 1934இல் பாஸ்டன் மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை நெருக்குவதை விளக்கினர். அப்படியாயின் 'நாளம்' என்ற பழம்பெயர் முற்றும் பிழையா?

பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார் 1851இல் இதற்கு விடை காண வழி திறந்தார். முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை அவர் அறுத்தபோது, அப்பக்கத்துக் காது வெப்பமடைந்தது. தோலின் இரத்த நாளங்களைச் சுருக்கி விரிப்பது நரம்பே என்பது இவ்வாய்வுகளின் வழியே தெளிவாயிற்று. நரம்பு வேர் நெருக்கப்பட்ட காலின் தோல், மறு காலைவிடச் சற்றே குளிர்ந்திருப்பதைப் பிற்காலத்து அகச்சிவப்புப் படக்கருவிகள் பலரிடம் பதிவு செய்தன. வேறுபாடு பெரும்பாலும் ஒரு டிகிரிக்கும் குறைவே. அதைக் கை உணர்வது அரிது. சிலருக்கோ தோல் குளிராமலே, பழுதுற்ற நரம்பு குளிர்ச்சியை உணர்த்தும்.

ஆயினும் எந்த வேர் நெருக்கப்பட்டது என்பதை வெப்பப்படம் மட்டும் உறுதி செய்யாது. நாளம் அடைபட்டாலும் கால் குளிரும். ஆகவே பாதத்தின் நாடித்துடிப்பையும் மருத்துவர் சோதித்தல் வேண்டும்.

நோய் நரம்பில், குளிர்ச்சி நாளத்தில். பழம்பெயர் பாதி உண்மையைச் சுமந்திருந்தது. கைக்குத் தெரியவில்லை என்பதற்காக அந்த நெசவாளியின் சொல்லைப் பொய்யாக்குதல் நீதியன்று.