புந்தோங் வட்டாரமும் வாக்குரிமையும்

நாட்டின் வரலாறு அரசர் பெயராலும் போர் நிகழ்ந்த ஆண்டுகளாலும் எழுதப்படுவது. ஒரு வட்டாரத்தின் வரலாறோ வடிகாலாலும் தெருவிளக்காலும் குடிநீர்க் குழாயாலும் எழுதப்படுவது. முன்னதைப் பாடநூல் கற்பிக்கிறது. பின்னதைக் கற்பிப்பார் அரியர். ஈப்போ மாநகரின் மேற்கே அமைந்துள்ள புந்தோங் வட்டாரத்தின் கதை அவ்வாறு கற்பிக்கப்படாத வரலாறுகளுள் ஒன்று.

ஈப்போ என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் நச்சுப் பாலைப் பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமே இவ்வூரை நகராக்கிற்று. 1892-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி அழிந்தும், ஈயத்தின் வலிமையால் அது மீண்டும் எழுந்தது. 1937-இல் தைப்பிங்கிடமிருந்து பேராக்கின் தலைநகர்ப் பதவியைப் பெற்றது. 1962-இல் நகராண்மைத் தகுதியும் 1988 மே 27-இல் மாநகர்த் தகுதியும் அடைந்தது.

ஈயச் சுரங்கங்களில் பெரிதும் உழைத்தவர் சீனர். இருப்புப்பாதை போடவும், சாலை அமைக்கவும், நகரைத் துப்புரவு செய்யவும் வந்தவருள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. நகருக்குத் தொழில் செய்தோர் நகரின் ஓரத்திலே குடியமர்ந்தனர். அவ்வாறு வளர்ந்ததே புந்தோங். சீனர் வாழும் புதுக்கிராமமும் தமிழர் தெருக்களும் இங்கு அருகருகே உள்ளன. இவ்வட்டாரத்து மகா மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூச ஊர்வலம் குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலைச் சென்றடைகிறது. அண்மையிலுள்ள சிலிபினில் தமிழ்க் கத்தோலிக்கர் வழிபடும் லூர்து அன்னை ஆலயம் நிற்கிறது. கடலை வறுத்தும் முறுக்குப் பிழிந்தும் விற்ற குடும்பங்களால் 'கச்சாங் பூத்தே' கம்பம் என்றே பெயர் பெற்ற பகுதியும் இங்குண்டு.

இவ்வட்டாரத்தில் வந்து சேர்ந்தோருள் தோட்டத்தை விட்டு வந்தவரும் பலர். அவர்தம் பழைய வாழ்வை அறிந்தாலன்றிப் புந்தோங்கின் வரலாறு முழுமையுறாது.

இரப்பர்த் தோட்டம் என்பது ஒரு தனி நாடு போன்றது. லயத்து வீடும், தண்ணீர்க் குழாயும், மருந்தகமும், கோயிலும், பள்ளியும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தன. குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் இருப்பின் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்ததால் தோட்டப் பள்ளிகள் தோன்றின. ஆயினும் எல்லாம் துரையின் உத்தரவின்படியே நடந்தன. கூரை ஒழுகினால் கங்காணியிடமோ கிராணியிடமோ சொல்லலாம். செய்வதும் செய்யாததும் துரையின் விருப்பம். வேலை போனால் வீடும் போயிற்று. கேட்டுப் பெறுவதே அங்கு வழக்கம். உரிமையோடு தேர்ந்தெடுப்பது என்பது அங்கு இல்லை.

1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இதனால் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் பல. இதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். ஆயினும் துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறியோர் நகரோரங்களை நாடுவது நிற்கவில்லை.

நகருக்கு வந்தவர் துரையின் ஆட்சியை விட்டு நகரசபையின் ஆட்சிக்கு வந்தனர். இது வெறும் இடமாற்றம் அன்று. 1950-ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தேர்தல் சட்டப்படி, 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடைபெற்றது. பிற நகரங்களும் அவ்வழியே தேர்தல் கண்டன. நகரம் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரமும் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தது. நேற்று வரை துரையிடம் கைகட்டி நின்றவன், இன்று தன் தெருவுக்கு விளக்கு வேண்டுமென்று, தன் வாக்கை நாடி வருபவனிடம் கேட்க முடிந்தது. கேட்டது நடவாவிடில் மறுமுறை வேறொருவரைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தது. குடியுரிமை பெறாதார்க்கு வாக்கு இல்லை. ஆதலின் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுவதன் பயனும் அக்காலத்தில் கண்கூடாய் விளங்கிற்று.

ஈப்போவில் இவ்வுணர்வை வளர்த்தவருள் சீனிவாசகம் சகோதரர்கள் முதன்மையானவர். இலங்கைத் தமிழ் மரபினரும் வழக்கறிஞருமாகிய எஸ். பி., டி. ஆர். ஆகிய இருவரும் 1953-இல் உருவாகிய முற்போக்குக் கட்சியின் தூண்கள். டி. ஆர். 1957-ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். 1960-களில் ஈப்போ நகரசபையும் அவர்கள் கட்சியின் வசமாயிற்று. 1969-இல் மறைந்த டி. ஆர். பெயரால் ஈப்போவில் இன்றும் ஒரு பூங்கா உள்ளது.

இவ்வாட்சி நீடிக்கவில்லை. இந்தோனேசியாவுடன் மூண்ட மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அது 1968-இல் அளித்த அறிக்கை பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலை அறவே நீக்கி, மன்ற உறுப்பினரை மாநில அரசே நியமிக்கும் முறையை நிலைநாட்டிற்று. நிறுத்திவைப்பு நீக்கமாக முடிந்தது.

உள்ளாட்சி என்பது குப்பை அள்ளுவது மட்டுமே என எண்ணுதல் தவறு. 1973 அக்டோபரில் குனோங் சீரோவின் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து அடிவாரத்து நீள்வீடுகளின் மேல் வீழ்ந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். ஏழை எளியோர் எங்கே குடியிருக்கின்றனர், அவ்விடம் தக்கதுதானா என்பன நகரத்தின் உயிர்க் கேள்விகள். அவற்றை எழுப்புவோர் அவ்வட்டாரத்தாராகவே இருத்தல் நலம்.

இன்று புந்தோங் என்பது பேராக் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் பெயர். இந்திய வாக்காளர் விழுக்காடு மிக்க தொகுதிகளுள் நாட்டிலேயே முன்நிற்பதாகலின், தேர்தல் வரும்போதெல்லாம் கட்சிகளின் கண் இதன்மேல் விழுகிறது. எனினும் இங்குள்ளோர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கலாம். தம் வீட்டு வாசல் வடிகாலுக்குப் பொறுப்பான மாநகர் மன்றத்துக்கு மட்டும் வாக்களிக்க இயலாது. பினாங்கு மாநிலம் உள்ளாட்சித் தேர்தலை மீட்க எடுத்த முயற்சியையும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை.

நியமன உறுப்பினருள் நல்லவரும் உழைப்பவரும் உண்டு, அதனை மறுத்தற்கில்லை. துரைமாருள்ளும் நல்லவர் இருந்தனரன்றோ? நல்லவர் வாய்ப்பது பேறு. நல்லவரைத் தேர்வது உரிமை. இவ்வேறுபாட்டைத் தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த தலைமுறை தன் வாழ்விலேயே உணர்ந்தது. அத்தலைமுறையினர் குறைந்து வருகின்றனர். 18 வயதில் வாக்களிக்கப் போகும் இக்கால மாணவர்க்கோ, நகரசபைக்குத் தேர்தல் ஒரு காலத்தில் நடந்ததென்பதே புதுச் செய்தி. தமிழாசிரியர்கள் தம் ஊர்ப் பெரியோரிடம் மாணவரை அனுப்பி, எந்த வட்டாரத்தில் யாருக்கு வாக்களித்தனர், எந்தத் தெருவுக்கு விளக்கு எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வரச் செய்வாராக. அவ்வேடுகளே புந்தோங்குக்கும் அது போன்ற வட்டாரங்களுக்கும் முதல் வரலாற்று நூலாகும்.